‘போதும்’ என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். ஓடி முடித்த அன்று, மூச்சு சீராவதற்குள்ளேயே மனம் 28 என்றது. அப்புறம் 26. அந்த 30-ஐ நான் ஒரு நாள்கூட அனுபவிக்கவில்லை என்பது முழங்கால் வலியோடு படுத்திருந்தபோதுதான் உறைத்தது.

இது என் ஒருவனின் கோளாறு இல்லை. லாட்டரியில் பெரும் பரிசு விழுந்த 22 பேரிடம் உளவியலாளர் பிரிக்மனும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 1978இல் வெளிவந்தது. பரிசு விழாதவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சின்னச் சந்தோஷங்கள்கூட அவர்களுக்குக் குறைவாகவே ருசித்தன. எது கிடைத்தாலும் மனம் பழகிவிடுகிறது.

சரி, என்ன செய்வது? இலக்கைத் தொடங்கும் முன்பே ‘இது போதும்’ என்ற எண்ணைத் தேதியோடு காகிதத்தில் எழுதுங்கள். பேனாவால். கைப்பேசியில் எழுதினால் சத்தமில்லாமல் திருத்திவிடுவீர்கள், நான் திருத்தியிருக்கிறேன்.

எட்டியதும் இரண்டு வாரம் புதிய இலக்கு கிடையாது. செய்வதை நிறுத்த வேண்டாம், அளப்பதை மட்டும் நிறுத்துங்கள். நான் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். முதல் மூன்று நாள் கை நமைச்சல்தான். நான்காம் நாள் வழியில் மரங்கள் இருப்பது தெரிந்தது.

பிறகும் ஆசை வந்தால், ‘யாருக்கும் சொல்ல முடியாது என்றாலும் இதைச் செய்வேனா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தாராளமாகப் போங்கள். 26 நிமிடத்துக்கு என் பதில் ‘இல்லை’. நீண்ட தூரம் ஓடுவதற்கு ‘ஆமாம்’.

ஒன்று: வாடகைக்கே திண்டாடுபவரிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள். அவருக்கு இன்னும் வேண்டும்தான்.