இ.டி.பி.க்குப் புதிதாக வரும் இன்ஜினியருக்கு: உருளையிலிருந்து தொடங்குங்கள்

கடலூர் சிப்காட்டில் வேலை கிடைத்து, உங்களை இ.டி.பி.க்கு, அதாவது ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவுக்குப் போட்டால் சோர்ந்துவிடாதீர்கள். அங்கே காற்று ஊதும் தொட்டியான ஏரேஷன் டேங்கில் இருப்பது கழிவைத் தின்னும் கோடானுகோடி பாக்டீரியா. அதற்குத் தீனியும் காற்றும் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

முதல் மாதம் தினமும் காலையில் உங்கள் கையாலேயே இதைச் செய்யுங்கள். ஏரேஷன் டேங்கின் கடைசியில், நன்றாகக் கலங்கும் இடத்தில் மொண்டு, ஒரு லிட்டர் அளவு உருளையில் ஊற்றி நிழலில் வையுங்கள். 30 நிமிடம். விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், முதல் ஐந்து நிமிடம்தான் நிறையச் சொல்லும். நல்ல ஸ்லட்ஜ் (பாக்டீரியா திரண்ட சேறு) ரவை ரவையாகத் திரண்டு இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். 30 நிமிடத்தில் அது 300 மில்லியில் நின்று, எம்.எல்.எஸ்.எஸ். (டேங்க் நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவு) லிட்டருக்கு 3 கிராம் இருந்தால், முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் அடைக்கும் இடம், மில்லியில்) 100. நல்ல கணக்கு. 150ஐத் தாண்டினால் உஷாராகுங்கள்.

இறங்கவே மாட்டேன் என்கிறதா? இன்னொரு உருளையில் பாதிக்குப் பாதி, சுத்திகரித்த தண்ணீர் கலந்து வையுங்கள். அதில் சட்டென்று இறங்கினால் ஸ்லட்ஜ் கூடிப்போயிருக்கிறது, கொஞ்சம் வெளியேற்ற வேண்டும். அதிலும் பஞ்சாக மிதந்தால் இழை பாக்டீரியா பெருகிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

முன்பு வேறோர் ஊரில் எனக்கு அப்படித்தான் ஆனது. பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ரிசல்ட் வர மூன்று நாள் ஆகும் என்று நான் காத்திருந்தேன். வயதான ஆபரேட்டர் அண்ணன் உருளையைத் தூக்கிக் காட்டி, "சார், இதுக்குச் சத்து பத்தல" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வரும் கழிவில் நைட்ரஜனே இல்லை. பி.ஓ.டி. 100க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் யூரியாவும் டி.ஏ.பி.யும் கரைத்து ஊற்றினோம். தேறி வர வாரக்கணக்கில் ஆனது. அதற்குள், ஸ்லட்ஜைப் படியவிட்டுத் தண்ணீரைப் பிரிக்கும் கிளாரிஃபயரிலிருந்து வழிந்த ஸ்லட்ஜை நினைத்தால் இன்னமும் மனது கஷ்டமாக இருக்கிறது. இங்கே சிப்காட்டை ஒட்டியே உப்பனாறு ஓடுகிறது, அதில் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாசனையையும் கவனியுங்கள். மழை நனைத்த மண் வாசனை என்றால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்சிஜன்) லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் டேங்கின் அடியில் காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசர் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் பொறுங்கள். உருளை அளவு, நேரம், நிறம், தொட்ட வால்வு எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதிவிடுங்கள். இரவு ஷிஃப்டுக்கு வருகிறவர் அதைப் பார்த்துத்தான் காற்று ஊதும் ப்ளோயரைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பார்.