ஸ்கேட்போர்டு: ஓட்டப் பழகும் முன் விழப் பழகுங்கள்

ஸ்கேட்போர்டு என்றதும் பெற்றோர் பயப்படுவது வேகத்துக்கும் தாவல்களுக்கும்தான். புதிதாகப் பழகுபவரை விழவைப்பதோ பெரும்பாலும் ஒரு சின்ன ஜல்லித் துண்டு. சாதாரண ஸ்கேட்போர்டின் சக்கரம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விட்டம்தான், கெட்டியானதும்கூட. சைக்கிள் டயர் ஏறிக் கடந்துவிடும் கல்லில் அது சட்டென நின்றுவிடும். மேலே இருப்பவர் முன்னால் போய் விழுவார். அதனால் கல் சிதறிய தெருவில் பழக ஆரம்பிக்காதீர்கள். வண்டி வராத, நன்றாகக் கூட்டிய சிமெண்ட் தரை போதும்.

அடுத்தது, பின்னால் சாய்வது. பயம் வந்தால் உடம்பு தானாகவே பின்னுக்குப் போகும். பலகை முன்னால் பாய்ந்துவிடும். முழங்காலை மடக்கி, எடை முன்காலில் சற்று அதிகம் இருக்கும்படி நில்லுங்கள்.

விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவதுதான் நான் மிகவும் கவலைப்படும் தவறு. மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும், எலும்பு முறியும். தடுமாறும்போதே குனிந்து உயரத்தைக் குறைத்து, கையை மடக்கி, தோள்பட்டைப் பக்கமாக உருள வேண்டும். இதைப் பலகையே இல்லாமல் புல்தரையில் பல நாள் பழகலாம். முழங்கால், முழங்கை உறைகளை வாங்குபவர்கள் மணிக்கட்டுக் காப்பை விட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் அதுதான் முக்கியம்.

சரி, ஹெல்மெட். பொதுவாக சைக்கிள் ஹெல்மெட்டின் நுரை ஒரு பலத்த அடியில் நசுங்கித் தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஸ்கேட்டிங்குக்கென்றே செய்தது பின்மண்டையை இன்னும் கீழ்வரை மூடும். எதுவானாலும் வாரை இறுக்கிப் போடுங்கள். 2020இல் பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்த பிரிட்டன் ஸ்கேட்போர்டு வீராங்கனை ஸ்கை பிரவுனுக்கு மண்டையோட்டிலும் மணிக்கட்டிலும் முறிவு. அப்போது அவருக்கு வயது 11, ஹெல்மெட் அணிந்திருந்தார். மறு வருடமே டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். அவ்வளவு தேர்ந்தவருக்கே ஹெல்மெட் தேவைப்பட்டது.

ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவது, காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது, ஈரத் தரையில் ஓட்டுவது, ஒரே பலகையில் இருவர் ஏறுவது: இவை வேண்டவே வேண்டாம். அப்புறம், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்றக் கூடாது என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். 10 வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், செல்போனைப் பார்த்துக்கொண்டு அல்ல.