மாசசூசெட்ஸில் சமூக நீதி வழியாகக் கஞ்சா உரிமம்: புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 21 வயது நிறைந்த எவரும் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம் என்று 2016 நவம்பரில் வாக்காளர்கள் முடிவு செய்தார்கள். முதல் கடைகள் 2018 நவம்பர் 20 அன்று லெஸ்டரிலும் நார்தாம்ப்டனிலும் திறந்தன. பல பத்தாண்டுகளாக இதே செடிக்காக ஜெயிலுக்குப் போனவர்கள் ஒரு பக்கம், இப்போது இதே செடியில் கோடிகளைப் போட்டு எடுப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டத்திலேயே ஒரு கடமை எழுதப்பட்டது. கைது நடவடிக்கையால் அதிகம் அடிபட்ட பகுதி மக்களுக்கு இத்தொழிலில் முழுப் பங்கு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே அது. அந்தக் கடமையை நடைமுறைப்படுத்துவது கேனபிஸ் கன்ட்ரோல் கமிஷன். இங்கே சுருக்கமாக ஆணையம்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், விசாவில் இருந்தாலும் கிரீன் கார்டில் இருந்தாலும், குடிவரவு வக்கீலைப் பார்க்காமல் இதில் கால் வைக்கவே வேண்டாம். மாநிலம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதுகூடக் குடியுரிமை விண்ணப்பத்தில் ‘நன்னடத்தை’யைக் கெடுக்கலாம் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நண்பரின் கடையில் சிறு பங்கு போட்டாலும் இதே ஆபத்து உண்டு.

படி 1: தகுதியைக் காகிதத்தில் நிரூபியுங்கள்

சமூக நீதித் திட்டத்துக்குள் வர மூன்று வாசல்கள். ஒன்று, கைது நடவடிக்கையால் அதிகம் அடிபட்டதாக ஆணையம் பட்டியலிட்ட பகுதியில் கடந்த 10 ஆண்டுகளில் குறைந்தது 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். இதற்கு வருமான வரம்பும் உண்டு. இரண்டு, உங்கள்மேல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை இருந்து, மாநிலத்தில் கடைசி 12 மாதங்கள் வசித்திருக்க வேண்டும். மூன்று, அப்படித் தண்டனை பெற்றவரின் கணவன், மனைவி அல்லது பிள்ளையாக இருந்து, அதே 12 மாத வசிப்பும் இருக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் கஞ்சா வழக்குக்கு மட்டும் என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, பிற போதைப்பொருள் வழக்கும் சேரும்.

முதல் வாசலில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஹோலியோக், பிராக்டன், லின் போன்ற ஊர்கள் முழுதாகப் பட்டியலில் வந்தன. ஆனால் பாஸ்டன், வூஸ்டர், ஸ்பிரிங்ஃபீல்ட், லோவெல் ஆகிய நான்கிலும் சில சென்சஸ் டிராக்டுகள் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகள்) மட்டுமே. ஒரே தெருவில் இடப்பக்க வீடு உள்ளே, வலப்பக்க வீடு வெளியே என்று இருக்கலாம். ஆகவே ஆணையத்தின் இப்போதைய பட்டியலை வைத்துக்கொண்டு, நீங்கள் குடியிருந்த ஒவ்வொரு முகவரிக்கும் டிராக்ட் எண்ணைத் தேடி எழுதுங்கள். பிறகு ஒரு தாளில் 120 கட்டம் போட்டு, மாதம் ஒன்றுக்கு ஒரு கட்டமாக நிரப்புங்கள். 60 கட்டங்களுக்கு வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, வரி ரிட்டர்ன், பள்ளிப் பதிவு என ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். எங்கே ஓட்டை என்பது அப்போதே கண்ணுக்குத் தெரியும்.

தண்டனை வழியில் வருபவர்கள் நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தில் வழக்குப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். வழக்கை சீல் செய்ய, அதாவது பதிவேட்டை வெளியார் பார்க்காதபடி மூடி வைக்க, மனுப் போடும் எண்ணம் இருந்தால் நகலை முதலில் வாங்கிவிடுவது நல்லது.

சமூக நீதித் திட்டத்தில் தகுதி பெற்றதாக ஆணையம் தரும் சான்று உரிமம் ஆகாது. பயிற்சி, விண்ணப்பக் கட்டண விலக்கு, ஆண்டு உரிமக் கட்டணத்தில் சலுகை, சில உரிம வகைகளில் தனி இடம் ஆகியவை இதனால் கிடைக்கும். பின்னணிச் சோதனைச் செலவு உங்களுடையதுதான்.

படி 2: எந்த உரிமம்?

கையில் பணம் குறைவென்றால் டெலிவரி கூரியரில் தொடங்குங்கள். கடையிலிருந்து வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. சரக்கு உங்களுடையது அல்ல. டெலிவரி ஆபரேட்டர் என்றால் மொத்த விலைக்கு வாங்கிக் கிடங்கில் வைத்து, கடைமுகப்பு இல்லாமல் வீடுகளுக்கு விற்கலாம். இந்த இரண்டு வகைகளும் சமூக நீதி விண்ணப்பதாரர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கீடு எதுவரை என்பதை விண்ணப்பிக்கும்போது பாருங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு ஊழியர் இருக்க வேண்டும் என்றிருந்த விதி கூலியை இரட்டிப்பாக்கிப் பலரை நொடித்துவிட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. பழைய வணிகத் திட்டத்தை யாராவது கொடுத்தால் இந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

படி 3: பணம் போடுபவரின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

இத்திட்டம் அதிகம் ஏமாற்றப்படுவது இந்த இடத்தில்தான். சான்று பெற்றவரின் பெயரில் 51 சதவீதம் எழுதிவிட்டு, கட்டுப்பாட்டை மொத்தமாக வேறு பக்கம் எடுத்துக்கொள்வார்கள். பங்கு விகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கீழ்க்கண்டவை ஒப்பந்தத்தில் எந்த மூலையில் இருந்தாலும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்: இயக்குநர்களில் பாதிக்கு மேல் நியமிக்கும் உரிமை, முக்கிய முடிவுகளை ரத்து செய்யும் வீட்டோ, அதிகாரிகளை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம், லாபத்தில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஆணையத்தின் விதிப்படி இவை ‘கட்டுப்பாடு’ என்று கணக்காகும். அதை மறைத்து விண்ணப்பித்தால் உரிமம் உங்கள் கையை விட்டுப் போகும். முதலீட்டாளருக்கு அடுத்த ஆள் கிடைப்பார்.

‘மேலாண்மைச் சேவை ஒப்பந்தம்’ என்ற பெயரில் மாதம் ஒரு தொகையும் விற்பனையில் ஒரு சதவீதமும் கேட்பது இன்னொரு தந்திரம். கடனைப் பங்காக மாற்றும் பிரிவு இருந்தால், மாற்றிய பிறகு உங்கள் பங்கு எத்தனை சதவீதம் நிற்கும் என்று எண்ணால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் பணம் வாங்காதீர்கள். வக்கீல் உங்களுடைய வக்கீலாக இருக்கட்டும், முதலீட்டாளர் சம்பளம் கொடுப்பவராக அல்ல.

படி 4: கூட்டாட்சி வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கூட்டாட்சிப் போதைப்பொருள் பட்டியலில் முதல் இரண்டு அட்டவணைகளில் உள்ள பொருளை விற்பவர் வாடகை, சம்பளம், விளம்பரம் எதையும் வருமான வரியில் கழிக்க முடியாது. கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 280இ பிரிவு அப்படிச் சொல்கிறது. சரக்கின் அடக்கவிலையை மட்டும் கழிக்கலாம். அந்த அட்டவணையில் கஞ்சாவின் இடம் இன்று எங்கே என்று கணக்கரிடம் உறுதி செய்துகொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

விற்பனை 10,00,000 டாலர். அடக்கவிலை 5,50,000. மிச்சம் 4,50,000. வாடகை, சம்பளம், காவல், காப்பீடு எல்லாம் சேர்ந்து 4,00,000. கையில் நிற்பது 50,000. ஆனால் 21 சதவீத வரி 4,50,000-க்குப் போடப்படும்: 94,500 டாலர். லாபம் ஈட்டிய கடை 44,500 டாலர் கடனில் நிற்கிறது. மாநில வருமான வரியில் இந்தச் செலவுகளைக் கழிக்க 2022 சட்டம் வழிவிட்டது. கூட்டாட்சி வரிக்கு அது உதவாது.

வாங்குபவர் தரும் வரி தனி: மாநிலக் கலால் 10.75, விற்பனை வரி 6.25, ஊர் வரி அதிகபட்சம் 3. மொத்தம் 20 சதவீதம். இது உங்கள் பணம் அல்ல. தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். 2021-க்குப் பிறகு கஞ்சா விலை வெகுவாக இறங்கிவிட்டதால், அந்தக் காலத்து விலையை வைத்து வரவை மதிப்பிடாதீர்கள். 2022 சட்டம் கஞ்சா வருவாய் நிதியில் 15 சதவீதத்தைச் சமூக நீதி அறக்கட்டளை நிதிக்கு ஒதுக்கியது. மானியத்துக்கும் கடனுக்கும் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள்.

படி 5: இடம்

பள்ளியிலிருந்து 500 அடி இடைவெளி வேண்டும். ஊர் விரும்பினால் குறைக்கலாம். கடை வாசலின் நடுப்புள்ளியிலிருந்து பள்ளி வாசலின் நடுப்புள்ளிக்கு நேர்கோட்டில் அளப்பார்கள். நடுவில் கடக்க முடியாத தடை இருந்தால் மட்டும் நடைபாதை வழியாக அளவு. பாஸ்டன் போன்ற நகரங்களில் இரண்டு கஞ்சாக் கடைகளுக்கு நடுவே அரை மைல் விதியும் உண்டு. நகரத் திட்ட அலுவலகத்தின் எழுத்துப்பூர்வப் பதில் கைக்கு வராமல் வாடகைக்குக் கையெழுத்திட வேண்டாம்.

மாதம் 8,000 டாலர் வாடகையில் 14 மாதம் உரிமத்துக்குக் காத்திருந்தால் 1,12,000 டாலர் ஒரு கிராம் விற்காமலே போகும். ‘உரிமம் கிடைத்த பிறகே முழு வாடகை’ என்ற நிபந்தனையைக் கேளுங்கள். கட்டட உரிமையாளரின் வங்கிக் கடன் ஒப்பந்தம் கஞ்சாக் கடைக்கு வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறதா என்றும் கேளுங்கள்.

படி 6: ஊரின் சம்மதம்

ஊர் நிர்வாகத்துடன் ஹோஸ்ட் கம்யூனிட்டி ஒப்பந்தம் போட வேண்டும். இதை வைத்துப் பணம் பறித்த கதை உண்டு. ஃபால் ரிவர் மேயராக இருந்த ஜாசியல் கொரேயா, கஞ்சா விண்ணப்பதாரர்களிடம் லஞ்சம் பறித்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2021-இல் 6 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2022 சட்டம் ஊர்க் கட்டணத்தை மொத்த விற்பனையில் 3 சதவீதத்துக்குள் அடக்கியது. ஊருக்கு உண்மையில் ஆன செலவோடு அது பொருந்த வேண்டும், 8 ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது. ‘நன்கொடை’ என்று கூடுதலாகக் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஊர்மக்கள் கூட்டம். குறைந்தது 14 நாள் முன்பே உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். இடத்தின் எல்லையிலிருந்து 300 அடிக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். பத்திரிகைப் பக்கத்தை முழுதாக, தேதி தெரிய, கத்தரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். தேதி இல்லாத துண்டுக் காகிதத்தால் கூட்டத்தையே மறுபடி நடத்த வேண்டி வரும்.

படி 7: விண்ணப்பம்

மூன்று தொகுப்புகள்: விருப்ப விண்ணப்பம், பின்னணிச் சோதனை, நிர்வாக இயக்க விவரம். முதலீட்டுப் பணத்துக்கான வங்கிச் சான்று, சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் எடுத்ததாக இருக்கட்டும். அதை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைத் தேடப் போனால் காலாவதியாகும், கடைசியாக வாங்குங்கள்.

விண்ணப்பம் முழுமையானது என்று ஆணையம் அறிவித்த பிறகு, ஊருக்குப் பதில் சொல்ல 60 நாள், ஆணையத்துக்கு முடிவெடுக்க 90 நாள். பிறகு தற்காலிக உரிமம், கட்டட வேலை, ஆய்வு, இறுதி உரிமம். இறுதி உரிமம் வந்த அன்றே விற்க முடியாது. ‘இயக்கம் தொடங்கலாம்’ என்ற தனி அனுமதி வரும்வரை ஷட்டரை இறக்கியே வையுங்கள்.

பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற திட்டத்தையும் இதே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ‘வேலைவாய்ப்பு தருவோம்’ என்றால் திருப்பி அனுப்புவார்கள். ‘10 ஊழியர்களில் 5 பேர் ஹோலியோக்கிலிருந்து, ஆண்டுக்கு இரண்டு ஆள்சேர்ப்பு முகாம்’ என்று எண்ணோடு எழுதுங்கள். ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும்போது அந்த எண் எவ்வளவு நிறைவேறியது என்று காட்ட வேண்டும். முகாமின் வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே கோப்பில் போடுங்கள்.