கணினி அறிவியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்?

கணினி அறிவியல் பட்டப்படிப்புக்கு இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துவிட்டால், பெரும்பாலோர் உடனே தேடுவது தரவரிசையைத்தான். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். முதலில் தேடிப் படிக்க வேண்டியது ஒரே ஒரு பாடத்தின் விவரம்: இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். வழக்கமாக இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் வரும் இந்தப் பாடத்தை ஒரு துறை எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே, அது மாணவரை நிரல் எழுதவைக்கும் துறையா, நிரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக விடை எழுதவைக்கும் துறையா என்று ஓரளவு கண்டுகொள்ளலாம்.

பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), நினைவக மேலாண்மை, டெட்லாக், கோப்பு முறைமை என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் அச்சிடுகின்றன. மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு வெளிப்படும். ஓரிடத்தில் இரண்டு இடைத்தேர்வும் ஒரு இறுதித் தேர்வும் மட்டும் இருக்கும். இன்னோரிடத்தில் வாரந்தோறும் ஒரு செய்முறைப் பயிற்சி இருக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2006 இல் கற்பித்தலுக்கென்றே உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தைக் கொடுத்து, அதன் மையப் பகுதியான கெர்னலையே மாற்றச் சொல்வார்கள். உதாரணமாக, ஒரு செயல்முறை ஃபோர்க் ஆகும்போது, அதாவது தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும்போது, அதன் நினைவகம் முழுவதையும் நகலெடுக்காமல், இரண்டு செயல்முறைகளில் ஒன்று எழுத முற்படும் பக்கத்தை (நினைவகத்தின் ஒரு சிறு துண்டை) மட்டும் அப்போது நகலெடுக்கும்படி செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை எத்தனை செயல்முறைகள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கில் ஒன்று குறைந்துவிட்டாலும், மற்றது இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பக்கம் விடுவிக்கப்பட்டு, கெர்னல் விழுந்துவிடலாம். அந்தப் பிழையைத் தேடி இரண்டு இரவு உட்கார்ந்த மாணவருக்கு நினைவகம் என்றால் என்னவென்று பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் படித்த இடத்தில் இந்தப் பாடத்துக்காக ஒரு வரி நிரலைக்கூடக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்காமலே நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதன் விலையை முதல் வேலையில்தான் கொடுத்தேன்.

அடுத்து, பட்டத்தின் பெயர். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல், தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு ஆகியவை ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளடக்கம் வேறு. ஏசிஎம், ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி, ஏஏஏஐ ஆகிய மூன்று கணினித் துறைச் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட சிஎஸ்2023 என்ற பாடத்திட்ட வழிகாட்டி, கணினி அறிவியலை 17 அறிவுப் பிரிவுகளாக வகுக்கிறது. அதை இணையத்தில் இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஆலோசிக்கும் ஒவ்வொரு பட்டத்திலும் எந்தெந்தப் பிரிவு கட்டாயம், எது விருப்பப்பாடம், எது அறவே இல்லை என்று குறித்துப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் வரும் சில பட்டங்களில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் கணினிக் கட்டமைப்பும் விடுபட்டிருக்கும்; அதைவிட வியப்பாக, அந்தத் துறைக்கே உயிரான நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் ஒரே செமஸ்டரில் ஒரே பாடமாகச் சுருக்கப்பட்டிருக்கும். பதினெட்டு வயதில் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதைவிட, விரிந்த கணினி அறிவியல் பட்டத்தில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் விருப்பப்பாடங்கள் வழியாகத் திசை திரும்புவதே நல்லது என்பது என் கருத்து. அந்த விருப்பப்பாடங்கள் உண்மையில் நடத்தப்படுகின்றனவா என்பதை மட்டும் கடந்த இரண்டு ஆண்டுக் கால அட்டவணையில் சரிபாருங்கள். அச்சில் நாற்பது இருக்கும்; வகுப்பு நடந்தது ஆறாக இருக்கலாம்.

தரவரிசையை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன் என்றால், அவை அளப்பது வேறொன்றை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ஷாங்காய் பட்டியலின் பொதுத் தரவரிசையில் 30 விழுக்காடு மதிப்பு, முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது. கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருதுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சிஎஸ்ரேங்கிங்ஸ் என்ற தளம் கணினி அறிவியலுக்கே உரியது. ஆனால் அது முன்னணி மாநாடுகளில் ஆசிரியர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைத்தான் எண்ணுகிறதே தவிர, முதலாண்டு மாணவருக்கு யார் பாடம் நடத்துகிறார்கள் என்பதை அல்ல. ஆயினும் பிற்காலத்தில் ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால், எந்தத் துறையில் எந்தப் பிரிவு வலுவானது என்று அறிய அதைவிட எளிய வழி இல்லை.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது சராசரியை நம்பாமல் இடைநிலை மதிப்பை, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளத்தை, கேளுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆளுக்கு 4 லட்சம் சம்பளம் வாங்க, ஒருவர் மட்டும் 64 வாங்கினால் சராசரி 10 ஆகிவிடும். அந்தப் பத்தை அங்கே யாருமே வாங்கவில்லை. விழுக்காட்டிலும் இதே வித்தை உண்டு. 200 பேர் படித்த வகுப்பில் 120 பேர் மட்டும் வேலைவாய்ப்புப் பிரிவில் பதிந்து, அவர்களில் 108 பேருக்கு வேலை கிடைத்தால், விளம்பரத்தில் 90 விழுக்காடு என்று வரும். மொத்த வகுப்பை வைத்துப் பார்த்தால் அது 54 தான். மீதி 80 பேர் மேற்படிப்புக்குப் போயிருக்கலாம், தகுதி மதிப்பெண் இல்லாமல் ஒதுக்கப்பட்டும் இருக்கலாம். இரண்டில் எது என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தர அங்கீகாரத்தை ஆம், இல்லை என்ற அளவில் பார்த்தால் போதும். வேறு நாட்டில் மேற்படிப்போ வேலையோ உத்தேசிப்பவர், கணினிப் பட்டங்களுக்குத் தரும் அங்கீகாரத்தை ஒன்றுக்கொன்று ஏற்கும் அமைப்புகளிடையே 2008 இல் உருவான சியோல் உடன்படிக்கையில் உள்ள அமைப்பு ஏதேனும் அந்தப் பட்டத்தை அங்கீகரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கட்டணத்தைப் பொறுத்தவரை, நான்காண்டுச் செலவு முழுவதையும் கூட்டி, கடன் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதி வையுங்கள். சற்றே பெரிய பெயருக்காக இருமடங்கு கடனை ஏற்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

இனி, மனிதர்கள். சீனியர் மாணவர் ஒருவரிடம் "கல்லூரி எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதைத் தவிர ஒன்றும் வராது. "நீங்கள் கடைசியாகக் கொடுத்த நிரல் எத்தனை நாளில் திரும்பி வந்தது, அதில் மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன எழுதியிருந்தார்கள்?" என்று கேளுங்கள். வகுப்பின் அளவு, உதவி ஆசிரியர்களின் எண்ணிக்கை, ஆசிரியரின் அக்கறை எல்லாம் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுகளை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தேடிப் பார்ப்பதும் பயன் தரும்: எட்டு மாத வேலை, எட்டு மாதங்களுக்கும் பரவிய கமிட்டுகளாக (சேமிக்கப்பட்ட மாற்றப் பதிவுகளாக) தெரிகிறதா, சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் ஒரே கமிட்டாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு இடங்கள் சமமாக நின்றால், இரண்டு துறைத் தலைவர்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். இயங்குதளப் பாடத்தின் சென்ற ஆண்டுச் செய்முறைப் பயிற்சிகளைப் பார்க்க முடியுமா என்று மட்டும் அதில் கேளுங்கள். ஓரிடத்திலிருந்து சேர்க்கைக் கையேடு வரும். இன்னோரிடத்திலிருந்து, பாடம் நடத்தும் ஆசிரியரே பயிற்சித் தாள்களை இணைத்து, மூன்றாவதுதான் கடினம் என்று ஒரு வரி எழுதியிருப்பார்.