காட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: மணல் ஈக்கடியும் ஆறாத புண்ணும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் களியல், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து படையில் சேர்ந்தவர்கள் விடுப்பில் வரும்போது கையிலோ காதோரத்திலோ ஒரு புண்ணோடு வந்தால், "அட்டை கடிச்சிருக்கும், மஞ்சள் வை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அட்டைக்கடி சில நாளில் காய்ந்துவிடும். ஓரம் தடித்து, நடுவில் குழி விழுந்து, வலியே இல்லாமல் வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும் புண் என்றால் தோல் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோயைச் சந்தேகிக்க வேண்டும். மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டுக் காட்டில் பயிற்சி எடுத்த பிரிட்டன் சிப்பாய்களுக்கும், பனாமாவில் அமெரிக்கர்களுக்கும், பிரெஞ்சு கயானாவில் பிரெஞ்சுப் படையினருக்கும் வந்தது இதுதான். நமக்கும் இது தூரத்து நோய் இல்லை. அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் வாழும் காணி பழங்குடி மக்களிடம் பதிவாகியிருக்கிறது. ராஜஸ்தானின் பிகானேர் பகுதியிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் உண்டு.

பரப்புவது பெண் மணல் ஈ. நீளம் 2 முதல் 3 மி.மீ., கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான். உட்காரும்போது இறக்கையை V வடிவில் தூக்கி வைத்திருக்கும். ரீங்காரம் கிடையாது, அதனால் கடித்தது பெரும்பாலும் தெரியாது. அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். கொசுவுக்குச் செய்வதையே இதற்கும் செய்தால் பலிக்காது. தேங்கிய தண்ணீரை எத்தனை கொட்டினாலும் இது குறையாது. முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, இலைமக்கு நிறைந்த ஈர மண்ணிலும் பாறை இடுக்கிலும்தான்.

ஆகவே முதல் வேலை இடம் பார்ப்பது. பெருமரத்தின் வேரடி, மரப்பொந்து, கறையான் புற்று, விலங்கு வளை, பாறைப் பிளவு, ஆட்டுக்கொட்டில் ஆகியவற்றின் அருகில் படுக்கை விரிக்கக் கூடாது. சருகைக் கூட்டி அள்ளிய, காற்றோட்டமான மேட்டை எடுங்கள். மணல் ஈ வலுவில்லாத பூச்சி. தரையை ஒட்டித் தத்தித் தத்திப் போகும், காற்றடித்தால் பறக்கத் திணறும். முகாமில் மின்சாரம் இருந்தால் ஒரு மின்விசிறியே பெரிய காவல்.

சீருடைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை ஏற்றுவது அடுத்த வேலை. துணிக்கென்றே விற்கும் 0.5 சதவீதத் தெளிப்பானை மட்டும் வாங்குங்கள். ரப்பர் தோட்டத்துக்கோ வாழைக்கோ வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் கலக்கித் துணியில் அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். உடுப்பைக் கழற்றி, வெட்டவெளியில் கொடியில் தொங்கவிட்டு, வெளிப்பக்கம் முழுக்க ஈரமாகும் வரை தெளியுங்கள். கைமடிப்பு, கழுத்துப்பட்டை, கால்சட்டையின் அடி விளிம்பு, காலுறை ஆகியவை தெளிக்க விட்டுப்போகும் இடங்கள். அவற்றை இரண்டாம் முறை பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே உடுத்த வேண்டும். ஈரமாக இருக்கையில் வீட்டுப் பூனை அருகில் வரக் கூடாது, அதற்கு இது நஞ்சு. ஏறக்குறைய ஆறு சலவை வரை மருந்து நிற்கும். தோலில் இதைப் பூசக் கூடாது.

தோலுக்குப் பூச்சிவிரட்டி: டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிகாரிடின் 20 சதவீதம். கடையில் கிடைக்கும் பல கொசுக் களிம்புகளில் மருந்தின் அளவு குறைவு, ஆகவே உறையைத் திருப்பிப் படியுங்கள். வெயில் களிம்பு பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, அது ஊறியபின் இதைப் பூசுங்கள். வியர்த்து ஊற்றினால் மறுபடி பூச வேண்டும். பெரும்பாலோர் விடுவது காதுமடலும் புறங்கையும். புண் வருவதும் அங்கேதான். டீட் பட்டால் பிளாஸ்டிக் இளகும், கைக்கடிகார வாரையும் கண்ணாடிச் சட்டத்தையும் கவனியுங்கள்.

சாதாரணக் கொசுவலையின் கண் வழியே மணல் ஈ நுழைந்துவிடும். கண் மிகச் சிறிய வலை கட்டினால் மழைக்காட்டுப் புழுக்கத்தில் தூங்கவே முடியாது. நடைமுறைக்கு ஒத்தது பூச்சிக்கொல்லி ஏற்றிய வலைதான். தொங்குபடுக்கையில் படுப்பவர்கள் முதுகு வலையில் அழுந்தாதபடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அழுந்தும் இடத்தில் வெளியிலிருந்தே கடிக்கும். விடியுமுன் தலைவிளக்கு மாட்டி ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் முழுக்கைச் சட்டை, களிம்பு என்ற இதே முறைதான்; அவர்கள் வேலை நேரமும் பூச்சியின் நேரமும் ஒன்று.

திரும்பி வந்த பிறகும் சில மாதங்கள் வாரம் ஒருமுறை உடம்பைப் பாருங்கள், ஏனென்றால் கடித்து வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் சிறு பரு கிளம்பும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்தால் வளர்கிறதா என்று தெரியும். இரவில் விரலிடுக்கில் அரித்து, கூட இருப்பவர்களுக்கும் அரித்தால் அது சிரங்கு. காலில் சிவந்த கோடு நாளுக்கு நாள் நெளிந்து நகர்ந்தால் அது நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு. இரண்டும் மாத்திரையிலோ களிம்பிலோ அடங்கும்.

மூன்று, நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணுக்குத் தோல் மருத்துவரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எந்தக் காடு, எந்த மாதம், எத்தனை நாள் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இந்த நோய் தோன்ற வழியில்லை, ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதுவார், புண் அசையாது. மாதிரி எடுக்க வேண்டியது பொருக்கை நீக்கித் துடைத்தபின் தடித்த ஓரத்திலிருந்து. நடுவிலிருக்கும் சீழில் பாக்டீரியாவும் செத்த திசுவுமே மிஞ்சும். "கிருமி இல்லை" என்று முடிவு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை. அதுவரை சுண்ணாம்பு, புகையிலை, பச்சிலை எதையும் அப்பாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு எல்லாவற்றையும்விட மோசம்.

மருந்து ஒட்டுண்ணியின் இனத்தைப் பொறுத்தது. சிறு புண் என்றால் ஓரத்தில் ஆன்டிமனி ஊசி அல்லது சூட்டு சிகிச்சை போதலாம். மற்றவற்றுக்கு லிப்போசோமல் ஆம்போடெரிசின் அல்லது மில்டெபோசின். சில இனங்கள் மருந்தின்றியும் மாதக்கணக்கில் ஆறி, தழும்பு விடும். ஆனால் தென் அமெரிக்கக் காடுகளின் பிரேசிலியென்சிஸ் இனம் அப்படி விடுகிற ரகம் இல்லை; புண் ஆறி ஆண்டுகள் கழித்து மூக்குச் சவ்வைத் தின்னத் தொடங்கும். ஐ.நா. பணி, கூட்டுப் பயிற்சி என்று அந்தப் பக்கம் போய் வந்தவருக்குப் பிறகு எப்போதாவது மூக்கடைப்பும் ரத்தக்கசிவும் விடாமல் இருந்தால், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் பழைய தழும்பையும் காட்ட வேண்டும்.