பழைய பீங்கான் தட்டு சீனாவில் செய்ததா, ஐரோப்பாவில் செய்ததா? கண்டுபிடிக்கும் முறை

நீல நிறத்தில் பகோடா என்ற அடுக்குக் கோபுரம், பாலம், சாய்ந்த மரம் வரைந்திருந்தால் சீனத் தட்டு என்று சொல்லிவிடுவோம். ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்தின் குலச்சின்னம் இருந்தால் ஐரோப்பியத் தட்டு என்போம். 18ஆம் நூற்றாண்டுச் சரக்கில் இரண்டு ஊகமும் காலை வாரிவிடும். பகோடா தட்டு இங்கிலாந்தில் செய்ததாக இருக்கலாம். குலச்சின்னத் தட்டு சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெஜெனில் சூளையில் வெந்து, தென்சீனாவின் கான்டன் (இன்றைய குவாங்சோ) துறைமுகத்தில் கப்பலேறியதாக இருக்கலாம். எங்கே செய்தார்கள் என்பதைத் தட்டின் உடம்பு சொல்லும்; யாருக்காகச் செய்தார்கள் என்பதைப் படமும் வடிவமும் சொல்லும். இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள்.

படி 1: மேசையைத் தயார் செய்யுங்கள்

மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், செல்போன் டார்ச் போதும். துணிக் கையுறை வழுக்கும், வேண்டாம்.

படி 2: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

முன்பக்கப் படத்தைப் பார்க்கத்தான் ஆசை வரும். பொறுங்கள். தட்டு நிற்கும் அடிவளையத்தை லென்ஸில் பாருங்கள். சீனத் தட்டில் அந்த வளையத்தின் நுனியில் கண்ணாடிப்பூச்சு இருக்காது. சூளையில் அடியோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று எடுத்துவிட்டிருப்பார்கள். பூச்சு முடியும் ஓரத்தில் பல தட்டுகளில் மெல்லிய செம்பழுப்புக் கோடு தெரியும். மண்ணில் இருக்கும் இரும்பு சூட்டில் நிறம் மாறியதால் வந்தது அது. 17ஆம் நூற்றாண்டுத் தட்டாக இருந்தால் வளையத்தில் சூளை மணலும் ஒட்டியிருக்கலாம், வாய் விளிம்பில் பூச்சி அரித்ததுபோல் பூச்சு சிறு சிறு துணுக்காக உதிர்ந்திருக்கலாம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் தட்டு வேறு ஜாதி. அது பீங்கானே அல்ல. சுடுமண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. விளிம்பு உடைந்த இடத்தில் மஞ்சளோ பழுப்போ எட்டிப் பார்க்கும். 1603இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரின் சாண்டா காத்தரீனா கப்பலைச் சிங்கப்பூர் அருகே பிடித்து, அதன் சரக்கை மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். அங்கே சீனப் பீங்கான் மோகம் ஏறியது. 1644இல் சீனாவில் மிங் வம்ச ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் வரத்து குறையவே, டெல்ஃப்ட் குயவர்கள் அதே நீல-வெள்ளையைச் சுடுமண்ணில் செய்து சந்தையை நிரப்பினார்கள்.

ஐரோப்பாவில் அசல் கடினப் பீங்கான் (வெண்களிமண்ணை மிக அதிகச் சூட்டில் சுட்டது) தொழிற்சாலை வந்தது 1710இல், ஜெர்மனியின் மைசென் நகரில். ஆகவே அதற்கு முந்தைய கடினப் பீங்கான் என்றால் கிழக்காசியச் சரக்குதான். அடிவளையத்துக்குள்ளே முள் குத்தியதுபோல் சிறு புள்ளித் தழும்புகள் இருந்தால் ஜப்பானையும் யோசியுங்கள். மைசெனின் நீலக் குறுக்கு வாள் முத்திரையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த அளவுக்கு அதைக் காப்பியடித்திருக்கிறார்கள்.

படி 3: டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள்

பீங்கானுக்குள் வெளிச்சம் ஊடுருவும், சுடுமண்ணில் ஊடுருவாது. ரொம்பத் தடிமனான பீங்கானிலும் ஊடுருவாது, அதனால் படி 2ஐ விட்டுவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் ஆரம்பகால வூஸ்டர் பீங்கானில் வெளிச்சம் லேசான பச்சையாக வரும்.

படி 4: வடிவம் யாருடைய சாப்பாட்டுக்கு?

அகலமான சமதள விளிம்பு வைத்த தட்டு, கைப்பிடி வைத்த பீர் குவளை, மூடி போட்ட சூப் பாத்திரம், உப்புக் கிண்ணம், மெழுகுவத்தித் தண்டு: இவை சீன வீட்டுச் சாப்பாட்டுக்கானவை அல்ல. வெள்ளியிலும் உலோகத்திலும் ஐரோப்பாவில் புழங்கிய வடிவங்கள். மரத்தில் கடைந்த மாதிரிகளையே டச்சு வணிகர்கள் அனுப்பிவைத்தார்கள். உங்கள் கையிலிருப்பது சீன உடம்பும் இந்த வடிவமும் என்றால், ஏற்றுமதிச் சரக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: இப்போது படம்

தட்டைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழச் செய்யுங்கள். கோபால்ட் நீலம் பூச்சுக்கு அடியில் இருக்கும், விரலுக்குத் தட்டுப்படாது. எனாமல் நிறங்கள், அதாவது பூச்சு வெந்த பிறகு தீட்டி மறுபடி சுட்டவை, பூச்சின் மேலே சற்றுத் தடித்து நிற்கும்.

குலச்சின்னத் தட்டில் கீழே நாடாவில் எழுதியிருக்கும் வாசகத்தை லென்ஸில் படியுங்கள். ஓவியருக்கு அந்த எழுத்து தெரியாது. அனுப்பிய தாளை வெறும் கோடாகப் பார்த்து வரைந்தார். அதனால் சில சமயம் ஓர் எழுத்து இடவலம் மாறியிருக்கும், ஒன்று விட்டுப் போயிருக்கும். எனக்கு இந்த வகைத் தட்டுகளில் பிடித்ததே இந்தப் பிழைகள்தான்.

இன்னும் சிக்கலான ஒன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக கார்னெலிஸ் புரோங்க் என்ற டச்சு ஓவியர் 1734இல் ஒரு படம் வரைந்தார்: ஒரு பெண், அவளுக்குக் குடை பிடிக்கும் இன்னொரு பெண், எதிரே நீர்ப்பறவைகள். சீனப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒரு டச்சுக்காரர் செய்த கற்பனை இது. அந்தப் படத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்பித் தட்டில் வரையச் சொன்னார்கள். ஜப்பானில் சிலர் அந்தப் பெண்களுக்குக் கிமோனோவே போட்டுவிட்டார்கள். ஆர்டர் விலை கட்டுப்படியாகவில்லை, சில ஆண்டுகளிலேயே கம்பெனி கைவிட்டது. இப்படி ஒரு தட்டு கிடைத்தால் 'சீனப் பாணி' என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

எதிர்த்திசையில் மைசெனைப் பாருங்கள். 1720இல் அங்கே சேர்ந்த ஓவியர் ஹெரோல்ட் வரைந்த சீனர்கள் தேநீர் ஆற்றுவார்கள், விசித்திரத் தொப்பி போட்டிருப்பார்கள். சீனாவை நேரில் கண்டிராத கற்பனை. மைசெனின் புகழ்பெற்ற 'நீல வெங்காய' வடிவத்தில் வெங்காயமே கிடையாது. சீனப் படத்திலிருந்த மாதுளையும் பீச்சும்தான் அப்படிப் பெயர் வாங்கின.

படி 6: காலத்தை நெருங்குங்கள்

இளஞ்சிவப்பு எனாமலைத் தேடுங்கள். நுண்ணிய தங்கத் துகளால் வரும் இந்த நிறம் சீனப் பீங்கானில் 1720களை ஒட்டித்தான் பரவியது. ரோஜாப்பூ பளிச்சென்று இருக்கும் தட்டை 1690ஆம் வருடத்தது என்று விற்றால் சந்தேகப்படுங்கள். அடியில் 'சைனா' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அப்போது கேட்டது.

படி 7: போலியையும் அச்சையும் பிரியுங்கள்

பகோடா-பாலம்-வில்லோ மரப் படம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் உருவானது. லென்ஸில் பார்த்தால் தூரிகைக் கோடு இருக்காது, செதுக்குத் தகட்டில் அச்சிட்ட மெல்லிய கோடும் புள்ளியும்தான். ஓர அலங்காரம் சுற்றி வந்து சேரும் இடத்தில் கோடு பிசகியிருக்கும். அந்தப் படத்துக்குச் சொல்லும் ஓடிப்போன காதலர்கள் கதையும் இங்கிலாந்தில் கட்டியதே.

குலச்சின்னத் தட்டுக்குப் பாரிஸின் சாம்சன் நிறுவனம் பெரிய எதிரி. 1845இல் தொடங்கி, பழைய சீனத் தட்டுகளைப் பார்த்துப் பார்த்து அச்சு அசலாகச் செய்தது. அதனால்தான் அடிவளையத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். முகம் எவ்வளவு பொருந்தினாலும் பாரிஸ் களிமண்ணும் பூச்சும் ஜிங்டெஜெனுடையதாக ஆகிவிடாது.

வாங்குவதற்கு முன் பழக வேண்டுமென்றால், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இணையத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க இலவசமாக விடுகிறது. பக்கத்தில் என்றால் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கானும் ஐரோப்பியப் பீங்கானும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.