தமிழ் ஃபைலைத் திறந்ததும் உறைந்துபோகும் எல்எஸ்பி சர்வர்: சரிசெய்வது எப்படி?

"அந்த பையன்", "இந்த கதை" என்று ஒற்று விட்டு எழுதினால் அடிக்கோடு போட்டுக் காட்ட ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் எழுதினேன். பிழையைக் கண்டுபிடிக்கும் பகுதி ஒரே மாலையில் முடிந்தது. எடிட்டரோடு அதைப் பேச வைக்கத்தான் மூன்று ராத்திரி ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது.

பேச்சு நடப்பது எல்எஸ்பி (லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்) வழியாக. விஎஸ் கோடு என்ற எடிட்டருக்காக உருவாகி 2016-ல் பொதுவில் வந்த நெறிமுறை இது. இதில் நம் புரோகிராம்தான் சர்வர். எடிட்டரே நம் புரோகிராமை ஓடவிட்டு, அதன் ஸ்டேண்டர்ட் இன்புட்டில் செய்தி அனுப்பும். நாம் ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் பதில் எழுதுவோம். செய்தி எல்லாமே ஜேசன் என்ற உரை வடிவத்தில்.

படி 1: இணைப்பு

நியோவிம் என்ற எடிட்டரில் விம்.எல்எஸ்பி.ஸ்டார்ட் ஃபங்ஷனுக்கு ஒரு பெயரும், ஓட்டவேண்டிய கட்டளையும் கொடுத்தால் போதும். விஎஸ் கோடில் இதற்கென்று தனி எக்ஸ்டென்ஷன் எழுதியாக வேண்டும். அதனால் பழகுவதற்கு நியோவிம்மையே சொல்வேன். இந்த வேலையை எளிதாக்கும் பைஜிஎல்எஸ் நல்ல பைத்தான் லைப்ரரிதான், ஆனால் முதல் சர்வரைக் கையால் எழுதுங்கள்.

படி 2: செய்தியைப் படிப்பது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் "கன்டென்ட்-லென்த்: 212" என்பதுபோல ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் ஜேசன். ஆங்கில ஃபைலில் எல்லாம் சரியாக ஓடியது. தமிழ் ஃபைலைத் திறந்ததும் சத்தமே இல்லை, பிழைச்செய்தியும் இல்லை.

காரணம், அந்த 212 எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. "தமிழ்" கண்ணுக்கு மூன்று எழுத்து. நீளம் எண்ணும் பைத்தானின் லென் ஃபங்ஷன் 5 என்கிறது, ஏனென்றால் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனி. எழுத்தைப் பைட்டாக்கி அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் அதுவே 15 பைட். நான் ஸ்டேண்டர்ட் இன்புட்டை நேரடியாக ரீட் செய்ததால், பைத்தான் 212 எழுத்துக்காகக் காத்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்கே பத்து எழுத்து குறைந்தது. அடுத்த செய்தி வந்தால் அதன் தலையைக் கடித்துத் தின்றது.

தீர்வு ஒரே சொல்: பஃபர். ஸ்டேண்டர்ட் இன்புட்டின் பஃபரிலிருந்து பைட்டாகப் படித்து, பிறகு டீகோட் செய்து எழுத்தாக்குங்கள். அனுப்பும்போதும் முதலில் என்கோட் செய்து பைட்டாக்குங்கள், பிறகு நீளம், கடைசியில் தேங்கியதை உடனே வெளியே தள்ள மறக்காமல் ஃப்ளஷ்.

படி 3: பதில் சொல்வது

எடிட்டரிடமிருந்து முதலில் வருவது இனிஷியலைஸ் என்ற தொடக்கச் செய்தி. அதில் உள்ள ஐடியை (செய்தியின் அடையாளம்) அப்படியே திருப்பி அனுப்பி, நம்மால் என்னென்ன முடியும் என்று சொல்ல வேண்டும். ஃபைல் ஒத்திசைவுக்கு 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு ஃபைலும் வரும். தொடக்கத்துக்கு அதுவே வசதி. ஐடி இல்லாத செய்திக்குப் பதில் அனுப்பாதீர்கள்.

சோதிக்க பிரிண்ட் போடவே கூடாது. அது எடிட்டருக்குப் போகும் செய்திக்குள் கலந்துவிடும். ஸ்டேண்டர்ட் எரரில் எழுதுங்கள், நியோவிம் தன் லாக் ஃபைலில் சேர்த்துவைக்கும்.

படி 4: அடிக்கோடு

பிழையைக் காட்ட நாம் அனுப்பும் பப்ளிஷ் டயக்னாஸ்டிக்ஸ் செய்தியில் ஃபைலின் முகவரி, வரி, வரிக்குள் இடம், விளக்கம் இருக்கும். வரியும் இடமும் 0-இலிருந்து தொடங்கும்.

பின்சேர்க்கை 1: விண்டோஸில் கன்டென்ட்-லென்த் என்ற தலைப்பு வரியே உடைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவுட்புட்டில் பஃபர் இல்லாமல் எழுதினால் வரிமுடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற வரிமுடிவுக் குறி இரண்டு முறை விழும். அங்கேயும் பஃபர்தான்.

பின்சேர்க்கை 2: எமோஜிக்குப் பின்னால் வரும் சொல்லில் அடிக்கோடு ஓரிடம் இடப்பக்கம் தள்ளி விழுகிறது என்றார் இன்னொருவர். எல்எஸ்பி வழக்கமாக இடத்தை யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையில் எண்ணுகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதில் 1, சிரிக்கும் முகம் 2. பைத்தானுக்கு இரண்டுமே 1. வரியின் தொடக்கத்திலிருந்து அந்தச் சொல் வரை உள்ளதை யூடிஎஃப்-16 எல்இ-யில் என்கோட் செய்து, வரும் நீளத்தை 2-ஆல் வகுத்து அனுப்புங்கள்.